கையோடு ஒரு நாற்காலி

எனக்கு ரவிக்கை தைத்துத் தரும் அக்காவின் நோட்டில் என் உடம்பின் அளவுகள் பென்சிலால் எழுதப்பட்டிருக்கின்றன. தோள், மார்புச் சுற்று, இடுப்பு, கைநீளம், கழுத்து இறக்கம். உடம்பு மாறும்போது அடித்துத் திருத்திக்கொள்கிறார். முட்டியின் பின்பக்க மடிப்பிலிருந்து தரைவரை எவ்வளவு என்று அவர் அளந்ததில்லை. அவர் மட்டுமல்ல, யாருமே அளந்ததில்லை. 2023 ஐப்பசியில் நானே டேப்பை வைத்து அளந்தேன். 39 சென்டிமீட்டர். எந்த நாற்காலியில் தொடை மரத்துப்போகாமல் உட்காரலாம், எதிலிருந்து பிறர் கை கொடுக்காமல் எழுந்துகொள்ளலாம் என்பதற்கு முதலில் தெரியவேண்டிய எண் இதுதான். நாற்பத்தைந்து வயதில் எனக்கு அது தெரிய வந்தது.

அளந்தது வீட்டு நாற்காலிக்காக அல்ல. மலைக்கும் கடற்கரைக்கும் தோளில் மாட்டிக்கொண்டு போகிற மடக்கு நாற்காலிக்காக. கேம்பிங் சேர் என்று கேட்டால்தான் கடையில் எடுத்துத் தருவார்கள்.

நாங்கள் ஐந்து பெண்கள். கல்லூரியில் மூன்று பேர், ஒருவர் வங்கியில், ஒருவர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வெளியே போவோம். ஏலகிரி, ஜவ்வாது மலை, பிச்சாவரம், தரங்கம்பாடி. பெரிய சாகசம் எதுவுமில்லை. ஒரு மரத்தடியிலோ மணலிலோ ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து பேசிவிட்டு வருவதுதான். எங்களில் மூத்தவர் கணக்குப் பேராசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். எல்லோருக்கும் அவர் அக்காதான். இரண்டு ஆண்டுகளாக அவர் வருவதை நிறுத்திவிட்டார். இரண்டு முட்டியிலும் தேய்மானம். தரையில் உட்கார்ந்துவிடுவார், எழுவதற்கு இரண்டு பேர் வேண்டும். "நீங்க போயிட்டு வாங்கம்மா. நான் வந்தா கார்லயேதான் உக்காந்திருக்கணும்" என்றார் போனில். கரும்பலகையின் முன்னால் 33 ஆண்டுகள் நின்ற கால்கள் அவை. அதற்கு முன்னும் பின்னும் அடுப்பங்கரையில் நின்ற நேரத்தை எந்தப் பணிப்பதிவேட்டிலும் ஏற்றியிருக்கமாட்டார்கள்.

அக்கா மறுபடி எங்களோடு வரவேண்டும் என்றால் நாற்காலி வேண்டும். அங்கிருந்துதான் இந்த யோசனை தொடங்கியது.

"தரையில் சம்மணமிட்டு உட்கார்வதுதான் நம் பண்பாடு, அதில்தான் ஆரோக்கியம்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறவர்கள் எங்கள் குடும்பத்திலும் உண்டு. சோபாவில் சாய்ந்தபடிதான் அனுப்புகிறார்கள். குடும்பத்தோடு போகிற சுற்றுலாக்களைப் பாருங்கள். காரின் பின்பக்கத்திலிருந்து மடக்கு நாற்காலிகள் இறங்கும், நான்கோ ஐந்தோ. அவற்றில் மாமா, சித்தப்பா, மாப்பிள்ளை, அண்ணன். பெண்கள் ஜமுக்காளத்தில், புளியோதரைத் தூக்கையும் தயிர்சாத டப்பாவையும் சுற்றி. அது திட்டமிட்ட அநியாயம்கூட இல்லை. பரிமாறுகிறவர் பாத்திரத்தின் உயரத்தில்தானே இருக்கவேண்டும்! தப்பித்தவறி ஒரு நாற்காலியில் நான் உட்கார்ந்தால், தண்ணீர் எடுக்க எழும் நொடியில் அது போய்விடும். "நீங்க எப்படியும் எழுந்திரிச்சுக்கிட்டேதான இருப்பீங்க அண்ணி" என்று ஒரு கொழுந்தன் சிரித்துக்கொண்டே சொன்னார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. தேக்குச் சட்டம், கோடு போட்ட கித்தான் துணி, நீண்ட இரண்டு கைகள். தாத்தாவுக்குப் பிறகு அப்பா அதில் சாய்ந்தார். ஆயாவும் அம்மாவும் அதைத் துடைத்தார்கள், துணி கிழிந்தால் தைத்தார்கள், வெயிலில் போட்டு மூட்டைப்பூச்சி தட்டினார்கள். யாரும் தடை போடவில்லை, ஆனாலும் அவர்கள் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தோப்பில் முஹம்மது மீரான் 1997இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவலுக்கு 'சாய்வு நாற்காலி' என்று பெயர் வைத்தது தற்செயல் அல்ல. அழிந்துகொண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் ஆண் அதில் சாய்ந்தபடியே வீட்டுப் பொருள்களை விற்றுத் தின்கிறான். அந்த வீட்டின் பெண்கள் அத்தனை பக்கங்களிலும் நிற்கிறார்கள், நடக்கிறார்கள், அழுகிறார்கள்.

இதைவிட என்னை அதிகம் உறுத்துவது பரண். சங்கப் பாடல்களில் பெண் திறந்த வெளியில் எங்கே உட்கார்கிறாள் என்று வகுப்பில் கேட்பேன். தினைப்புனத்துப் பரண் என்று உடனே பதில் வரும். சரிதான். குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் மரத்தின் மேல் கட்டிய இதணத்தில் ஏறி அமர்ந்து கிளி ஓட்டுகிறார்கள். புலியும் அஞ்சும் உயரத்தில் இருக்கை, சுற்றிலும் மலை, கையெட்டும் தூரத்தில் காற்று. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் கையில் என்ன வைத்திருக்கிறார்கள்? தழல், தட்டை, குளிர். மூன்றும் கிளி கடியும் கருவிகள். அது காவல் வேலைக்காகக் கொடுத்த இருக்கை. தினை அறுத்தாயிற்று என்றால் இற்செறிப்பு, வீட்டுக்குள் போய்விடவேண்டும். வேலை இருக்கும்வரைதான் வெளி. அகப்பாடலின் அழகில் இருபது ஆண்டுகளாக மயங்கிக் கிடக்கிற எனக்கு, இதைச் சொல்லும்போது இப்போதும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. மோசிகீரனார் களைத்துப்போய் முரசுகட்டிலில் படுத்துத் தூங்கினார், தூக்கம் கலையாமல் சேரன் கவரி வீசினான் என்று புறநானூற்றில் வருகிறது. நடந்து களைத்த பாடினி எங்கே சாய்ந்தாள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

நாற்காலி வாங்கப் போன கடையில்தான் அடுத்த பாடம். விளையாட்டுப் பொருள்களும் மலையேற்றச் சாமான்களும் விற்கும் பெரிய கடை. அந்தப் பகுதியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார், இருபத்து மூன்று வயது இருக்கலாம். ஏழெட்டு நாற்காலிகளை விரித்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் நாங்கள் உட்கார்ந்து பார்த்தோம், நூலகத் தோழி புடவையோடு, நான் சுடிதாரோடு. எது வசதி என்று அவரிடமே கேட்டேன். "நான் உக்காந்து பாத்ததில்ல மேடம்" என்றார். காலையிலிருந்து இரவு வரை நாற்காலிகளுக்கு நடுவில் நிற்கிறவர். "இப்ப உக்காருங்க" என்றதற்கு அண்ணாந்து மேலே பார்த்தார். கூரையில் கேமரா இருந்தது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கவேண்டிய நிலை ஊழியர்களுக்கு வரக்கூடாது, உட்கார வசதி செய்து தரவேண்டும் என்கிறது அது. கேரளம் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2018இல், இதைச் செய்துவிட்டது. கோழிக்கோட்டின் கடைத்தெருப் பெண்கள் 'பெண்கூட்டு' என்று சேர்ந்து போராடிப் பெற்ற உரிமை அது. உட்காரும் உரிமை என்றே அதற்குப் பெயர் வந்தது. ஒரு பெண் உட்கார்வதற்குச் சட்டமன்றத்தில் மசோதா தேவைப்பட்டிருக்கிறது. நாற்காலியே இருந்தாலும் அது யாருக்கு என்ற கேள்வி தீர்ந்துவிடுவதில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலித் பெண் ஊராட்சித் தலைவர் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளிவந்தது 2020இல்.

அந்தப் பெண் கடைசிவரை உட்காரவில்லை. ஆனால் எங்களுக்கு மிகவும் உதவிய வார்த்தையை அவர்தான் சொன்னார். "எல்லாரும் உக்காந்து பாத்துட்டு நல்லாருக்குன்னு வாங்கிடுறாங்க மேடம். எழுந்திருச்சுப் பாருங்க. கை எதையும் புடிக்காம." நின்றுகொண்டே, நூறு பேர் உட்கார்ந்து எழுவதைப் பார்த்துக் கற்றது. நாற்காலி பற்றி நான் படித்த எந்தக் குறிப்பிலும் இவ்வளவு தெளிவு இல்லை.

இனி நாற்காலிகளைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைப்பவை பல வடிவம் என்றாலும் அடிப்படையில் சில வகைகள்தான். முதலாவது, குடையைப்போலக் குவிந்து நீளமாக மடங்குகிற இரும்புக் குழாய் நாற்காலி. இரண்டு பக்கமும் துணிக்கை, அதில் டம்ளர் வைக்க ஒரு ஓட்டை. கனம் அதிகம். விலை மலிவு. குடும்பச் சுற்றுலாக்களில் மாமாக்கள் உட்கார்வது இதில்தான். உட்கார்ந்தால் துணி தொய்ந்து நடுவில் குழியும், தொடைக்கு அடியில் முன்பக்கக் குழாய் அழுத்தும். கால் குட்டையானவர்களுக்கு, அதாவது நம்மில் பெரும்பாலானவர்களுக்கு, பாதம் தரையில் முழுதாகப் படியாது. அரைமணி நேரத்தில் கால் மரத்துப்போகும்.

இரண்டாவது, கூடாரக் கம்பிபோல உள்ளே ரப்பர் கயிறு ஓடும் அலுமினியக் குழாய்களைக் கோத்து, மேலே துணியை மாட்டுகிற சிறிய நாற்காலி. கூடாரக் கம்பிகள் செய்து பழகிய கொரியாக்காரர்கள் ஹெலினாக்ஸ் என்ற பெயரில் இதைப் பரப்பினார்கள். இன்று அதே அச்சில் பல நிறுவனங்கள் செய்கின்றன. 1 கிலோ சுமாருக்கு, ஒரு முழத்துக்கும் குறைவான பைக்குள் அடங்கிவிடும். பேருந்தில் மடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தாழ்வானது. இருக்கையின் முன்விளிம்பு 30இலிருந்து 35 சென்டிமீட்டர், உட்கார்ந்ததும் இன்னும் இறங்கும். கைகள் கிடையாது.

இந்தத் தாழ்வில்தான் விஷயம் இருக்கிறது. உட்கார்ந்த நிலையிலிருந்து எழ, உடம்பின் எடை முழுவதும் முன்னால் நகர்ந்து பாதங்களுக்கு மேலே வரவேண்டும். இருக்கை முட்டியைவிடத் தாழ்ந்து, பின்பக்கம் சரிந்தும் இருந்தால், எடை பாதத்துக்கு வெகு பின்னால் கிடக்கும். அதைத் தூக்கி முன்னே கொண்டுவரும் வேலை முழுதும் முட்டியிலும் தொடையிலும் விழும். நாற்காலிக்கு உறுதியான கைகள் இருந்தால் அந்தச் சுமையில் ஒரு பங்கை நம் கைகள் வாங்கிக்கொள்ளும். துணிக்கை தொய்ந்துவிடும், பயனில்லை. பாதத்தைப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொள்ள நாற்காலிக்கு அடியில் இடம் இருக்கவேண்டும். குறுக்குக் கம்பி இருந்தால் இழுக்க முடியாது. சாப்பாட்டு மேஜை நாற்காலி வழக்கமாக 45 சென்டிமீட்டர் உயரம். முட்டி வலிக்காரர்களுக்கு அதற்கு அருகில் இருப்பதுதான் நல்லது.

மூன்றாவது, முக்காலி. இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகூடத் தூக்கும். முதுகுக்கு ஒன்றுமில்லை, புடவையோடு உட்கார்ந்தால் பின்னால் சரிந்துவிடுமோ என்கிற பயம் வேறு. அதைப் பற்றி மேலே பேச எதுவுமில்லை.

புடவையைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்த நாற்காலிகளைச் செய்கிறவர்கள் மனதில் கால்சட்டை போட்ட உடம்புதான் இருக்கிறது. கத்தரிபோல மடங்கும் இணைப்புகளில் கொசுவம் மாட்டும், துப்பட்டா நுழையும். விரிக்கும்போது விரலும் அகப்படும். இணைப்புகள் பிளாஸ்டிக் உறையால் மூடியிருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்த்தே வாங்கவேண்டும். அதேபோல வெயில். குளிர்நாட்டுக்காக நெய்த தடித்த பாலியஸ்டர் நம் ஊர் சித்திரையில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். முதுகிலும் பக்கங்களிலும் வலைத்துணி வைத்தது பரவாயில்லை, காற்று போகும்.

எடை தாங்கும் அளவு ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும். 100 கிலோ, 120 கிலோ என்று. எங்களில் வங்கித் தோழி பருமனானவர். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் விரிந்து அவர் விழுந்தபோது நான்கு வரிசைக்குச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "பரவால்லப்பா, நின்னுக்கறேன்" என்பார். பந்தியில் பரிமாறப் போய்விடுவார். சுறுசுறுப்பானவர் என்று பெயர் வாங்கியிருக்கிறார். நாற்காலிமீதுள்ள பயம் அது என்று எங்கள் நால்வருக்கு மட்டும் தெரியும். கடைக்குப் போகலாம் என்றபோது அவர் வரவில்லை. அங்கே எடை கேட்பார்களே! யாரிடமும் சொல்லத் தேவையில்லை, சீட்டைப் படித்தால் போதும் என்று அவரிடம் சொன்னேன். அதில் போட்டிருக்கும் எண் நம் எடையைவிட 30 கிலோவாவது கூடுதலாக இருக்கவேண்டும். பொத்தென்று உட்காரும்போது நாற்காலிமீது இறங்கும் விசை நம் எடையைவிட அதிகம். மேடுபள்ளத்தில் நான்கு கால் வாங்கவேண்டிய சுமையைச் சமயத்தில் இரண்டு கால்தான் வாங்கும். அவருக்கு 150 கிலோ தாங்கும் அகலமான ஒன்று கிடைத்தது. வீட்டு மொட்டைமாடியில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பிறகுதான் எங்களிடம் சொன்னார்.

அக்காவின் நாற்காலிதான் சிக்கலானது. உயரமும் உறுதியான கையும் உள்ளவை எல்லாம் கனமானவை. ஒன்றைத் தேர்ந்து, 4 கிலோதான், நாங்கள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொள்கிறோம் என்றோம். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "என்னைத் தூக்கி விடறதுக்குப் பதிலா என் நாற்காலிய தூக்குவீங்க. என்ன வித்தியாசம்?" என்றார். கணக்கு மேடம் அல்லவா, சமன்பாட்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிடுவார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

மடக்கு நாற்காலிகளின் கதையைத் தேடிப் படித்தால் அக்கா சொன்னது இன்னும் ஆழமாகத் தெரிகிறது. இந்த வகையில் உலகப் புகழ்பெற்ற ஒன்று நம் நாட்டுப் பெயரைத் தாங்கியது. ரூர்க்கி நாற்காலி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ராணுவப் பொறியாளர்களின் ஊரான ரூர்க்கியில் பிரிட்டிஷ் இந்தியப் படை அதிகாரிகளுக்காக உருவானது. மரச் சட்டங்களைப் பசையில்லாமல், ஆணியில்லாமல் துளையில் செருகிவிடலாம். கித்தானோ தோலோ இழுத்துக் கட்டினால் இருக்கை ஆகிவிடும். இணைப்புகள் இறுகாமல் இருப்பதால் மேடுபள்ளத்திலும் நான்கு கால்களும் தரையில் நிற்கும். அபாரமான மூளை. டென்மார்க்கின் காரே கிளின்ட் 1933இல் வடிவமைத்த சஃபாரி நாற்காலி இதிலிருந்து பிறந்ததுதான். பிரித்தால் ஒரு கட்டு விறகுபோல ஆகிவிடும், தூக்கிச் செல்ல எளிது என்று புகழ்கிறார்கள். எளிது யாருக்கு? அதை முகாமிலிருந்து முகாமுக்குச் சுமந்தது அதிகாரி அல்ல. சுமந்தவர் அதில் உட்காரவும் இல்லை. 1984இல் அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காகச் செய்த கெர்மிட் நாற்காலியும் கிட்டத்தட்ட இதே குடும்பம்தான். தன் நாற்காலியைத் தானே கொண்டுபோகிறவர்களுக்கானது என்பதால் எனக்கு அதன்மேல் சற்றே மரியாதை அதிகம்.

மேஜையில் உனக்கு இடம் தராவிட்டால் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டு போ என்று ஷெர்லி சிஷோம் சொன்னதாக ஒரு வாசகம் வழங்குகிறது. 1968இல் அமெரிக்க காங்கிரஸுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண். பெண்கள் தினக் கூட்டங்களில் இதை நானே மேற்கோள் காட்டியிருக்கிறேன், இனியும் காட்டுவேன். ஆனால் எனக்கு வேண்டிய நாற்காலி மேஜைக்குக் கொண்டுபோவதற்கானது அல்ல. கல்லூரியில் எத்தனை மேஜைகள், எத்தனை கூட்டங்கள்! மேஜையே இல்லாத இடத்தில், எதையும் முடிவுசெய்யாமல், யாருக்கும் பதில் சொல்லாமல் உட்கார்வதற்கு வேண்டும். மும்பைப் பெண்களை முன்வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' நூல் கேட்பது இதைத்தான். பொதுவெளியில் பெண் நிற்கவோ நடக்கவோ வேண்டுமென்றால் ஒரு காரணம் வைத்திருக்கவேண்டியிருக்கிறது, காரணமே இல்லாமல் ஏன் அங்கே இருக்கக்கூடாது? நடந்துகொண்டிருந்தால் எங்கோ போகிறோம் என்றாவது காட்டிக்கொள்ளலாம். உட்கார்ந்துவிட்டால் அந்தச் சாக்கும் இல்லை. சொந்த நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கடைசியில் அக்காவுக்கு ஒரு அலுமினிய டைரக்டர் நாற்காலி கிடைத்தது. சினிமா படப்பிடிப்புத் தளங்களில் இயக்குநர்கள் உட்காரும் வடிவம். 44 சென்டிமீட்டர் உயரம், தட்டையான உறுதியான கைகள், நேரான முதுகு, 2.8 கிலோ. தட்டையாக மடங்கும், ஆனால் கையில் பிடித்து நடந்தால் காலில் இடிக்கும். தையல்கார அக்காவிடம் கொண்டுபோனேன். பழைய பள்ளிப் பையின் பட்டைகள் இரண்டைப் பிரித்து, முதுகில் மாட்டிக்கொள்ளும்படி தைத்துக் கொடுத்தார். அக்கா அதை மாட்டிக்கொண்டு எங்கள் தெருவில் ஒரு நடை போய்வந்தார். வீட்டு வாசலில் விரித்து உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். கடைப் பெண் சொன்னதுபோலவே, கை எதையும் பிடிக்காமலில்லை, நாற்காலியின் கைகளை மட்டும் பிடித்து.

எனக்கு 1.4 கிலோவில், தலைவரை முதுகு உயர்ந்த கம்பி நாற்காலி. முட்டி இன்னும் ஒத்துழைப்பதால் தாழ்வானது பரவாயில்லை. சாய்ந்து வானம் பார்ப்பதற்காகவே அதை எடுத்தேன்.

2023 டிசம்பர் 13, ஜவ்வாது மலை. முந்தைய நாள்தான் அமாவாசை. ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சத்தை நெருங்கும் இரவு. பேத்தான் என்கிற சிறுகோள் விட்டுச்சென்ற துகள்களுக்குள் பூமி புகுந்து வெளியேறும் நாள்கள் அவை. மிதுன ராசியில், நாம் புனர்பூசம் என்கிற இரட்டை விண்மீன்களின் பக்கமிருந்து கிளம்புவதுபோலத் தெரியும். அதே மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, அவ்வளவு இருட்டு. ஆனால் எரிகல் பார்க்கத் தொலைநோக்கி உதவாது. கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம், பிறகு வானத்தின் பெரும்பகுதி கண்ணில் படும்படி அசையாமல் சாய்ந்திருப்பது, இரண்டும் போதும். நின்று அண்ணாந்தால் பத்து நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். பெண்ணுக்குச் சாய்ந்திருக்கத் தகுந்த காரணம் கிடைப்பது அபூர்வம், விண்வெளியிலிருந்து கிடைத்தது என்று அக்கா சொன்னார்.

மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. மேகம் வருவதும் விலகுவதுமாக இருந்தது. ஜமுனாமரத்தூர் அருகே நாங்கள் தங்கிய இடத்தின் பின்புறம் திறந்த புல்தரை. ஐந்து நாற்காலிகளை விரித்தோம். "சார் யாரும் வரலிங்களா?" என்று காவலாளி மூன்று முறை கேட்டார். முதல்முறை தகவலுக்காக, இரண்டாம்முறை சந்தேகத்தால், மூன்றாம்முறை எங்கள்மீது உண்மையான கவலையோடு. பதினோரு மணிக்குத் தலைமையாசிரியை வழக்கம்போல எழுந்து, "யாருக்கெல்லாம் டீ?" என்றார். பிளாஸ்க் அவரவர் காலடியில் இருந்தது. "உக்காருடி" என்று அக்கா அதட்டினார், பத்தாம் வகுப்புக்கு அதட்டுவதுபோல. உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்தார், இந்தமுறை எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

மேகம் விலகிய ஒன்றரை மணி நேரத்தில் நான் எண்ணியது 41. அக்கா 46 என்றார். கணக்கில் அவரோடு நான் வாதாடுவதில்லை.

மறுநாள் காலை எங்களுக்குச் சாமைச் சோறு ஆக்கிக்கொடுத்த அம்மா கீழே கிராமத்திலிருந்து வந்திருந்தார். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர், என் வயதுதான் இருக்கும். வீட்டில் அரை ஏக்கரில் சாமை போட்டிருக்கிறார்கள். கதிர் முற்றும் காலத்தில் குருவியும் பன்றியும் வராமல் இரவில் அவரும் கொல்லையில் காவல் இருப்பாராம். அங்கே எதில் உட்காருவீர்கள் என்று கேட்டேன். "கல்லு மேலதான். பன்னி வந்தா ஓடணுமே" என்றார். என் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். துணி தாங்குகிறது என்று தெரிந்ததும் மெல்லச் சாய்ந்தார். எவ்வளவு விலை என்று கேட்டார். 3,200 என்றேன். "நூறு நாள் வேலையில பத்துப் பதினோரு நாள் கூலி" என்று கணக்குப் போட்டார். கல்மேல் இருந்தால் தூக்கம் வராது, இதில் இருந்தால் தூங்கிவிடுவேன், பன்றி மொத்தத்தையும் தின்றுவிட்டுப் போய்விடும் என்று சிரித்தார். அப்புறம் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. உலை கொதிக்கும் சத்தம் கேட்டது. அக்கா தன் நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்து, அடுப்பைத் தணிக்கப் போனார்.

மாசியில் தரங்கம்பாடி போகிறோம். மணலில் கம்பி நாற்காலியின் கால்கள் புதையும். டென்னிஸ் பந்தைக் கீறிக் காலில் மாட்டினால் புதையாது என்று நூலகத் தோழி எங்கோ படித்திருக்கிறார். ஐந்து நாற்காலிக்கு இருபது பந்து வேண்டும். கல்லூரி விளையாட்டுத் துறையில் தேய்ந்துபோன பந்துகள் ஒரு சாக்கு கிடக்கின்றன, கேட்டு வைத்திருக்கிறேன். உப்புக்காற்று பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்கவேண்டும். தலைமையாசிரியையின் மாமியாரும் வருகிறேன் என்கிறாராம். எழுபத்தொன்று வயது, இதுவரை கடல் பார்த்தது கோயிலுக்குப் போனபோது மட்டும். டேப்பைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.